பெயருக்குப் பக்கத்தில் எடையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பெண்கள் குத்துச்சண்டை பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். கிரிக்கெட்டை விட்டு வெளியே வந்ததற்கே முதலில் நன்றி. என் மகள் பாக்ஸிங் பழகுகிறவள் என்பதால் அந்தப் பக்கத்தை வெட்டி அவள் மேஜை மேல் வைத்தேன். படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "இதுல ஒருத்தருக்குக்கூட என்ன வெயிட்டுன்னு போடலையேம்மா?" திரும்ப எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். மேரி கோம் ஆறு முறை உலக சாம்பியன், பிள்ளை பெற்ற பிறகும் ஜெயித்தவர், எல்லாம் இருந்தது. எந்த எடையில் என்று ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறவள். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் தினமும் கிலோக் கணக்கில் நிறுத்துப் போடுகிறேன். ஒன்றரைக் கிலோ என்றால் எவ்வளவு என்று தராசைப் பார்க்காமலே என் கைக்குத் தெரியும். ஒரு டின்கூட நிறையாது. அந்த அளவு வித்தியாசம்தான் என் மகளை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது. அவள் 48 கிலோவில் இறங்குகிறவள். 48 கிலோப் பெண்ணுக்கு ஒரு கிலோ என்பது உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு, 90 கிலோ ஆளுக்கு அது ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் கீழே வரவர எடைப் பிரிவுகள் நெருக்கமாக இருக்கின்றன. தொழில்முறை குத்துச்சண்டையில் மினிமம்வெயிட் 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ, அதற்கு அடுத்த லைட் ஃப்ளைவெயிட் 108 பவுண்டு, 49 கிலோ. நடுவில் வெறும் 1.4 கிலோ. மேலே சூப்பர் மிடில்வெயிட்டுக்கும் லைட் ஹெவிவெயிட்டுக்கும் நடுவே 7 பவுண்டு, அதாவது 3.2 கிலோ இருக்கிறது.

இப்போது மேரி கோம் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய முதல் நான்கு உலகப் பட்டங்களும் 45, 46 கிலோவில் வாங்கியவை, 2010லும் 2018லும் வாங்கியவை 48 கிலோவில். 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாக ஒலிம்பிக்கில் வந்தது, வந்தது மூன்றே எடையில்: 51, 60, 75. அவருடைய எடையே அந்தப் பட்டியலில் இல்லை. தன் எடையில் உலகத்தையே ஜெயித்த ஒருவர் உடம்பை ஏற்றிக்கொண்டு போய், தன்னைவிட உயரமான இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் அரையிறுதியில் தோற்று வெண்கலம் வாங்கினார். இது தெரிந்தால்தான் அந்த வெண்கலம் எவ்வளவு பெரியது என்று புரியும். எடையைச் சொல்லாமல் எழுதினால் 'தங்கம் தவறியது' என்பதோடு முடிந்துவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பெண்களுக்குக் குறைந்தபட்சம் 50 கிலோதான், நம் நிகத் ஜரீன் ஆடியது அதில்.

அதே லண்டனில், அதே 51 கிலோவில் இன்னொரு வெண்கலம் (அரையிறுதியில் தோற்கிற இருவருக்குமே வெண்கலம் உண்டு) வாங்கியவர் அமெரிக்காவின் மார்லன் எஸ்பார்சா. அவரைப் பிறகு 2019ல் தொழில்முறை மேடையில் தோற்கடித்தவர் செனீசா எஸ்ட்ராடா. என் மகள் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பது இவர் படம்தான். உங்கள் பத்திரிகையில் இந்தப் பெயர் வந்து நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவை நச்சரித்து ஜிம்முக்குப் போனவர். 2011ல் தொழில்முறைக்கு வந்தார், முதல் உலகப் பட்டம் கிடைத்தது 2021ல். நடுவில் பத்து வருஷம். இவ்வளவு குறைந்த எடையில் பெண்களுக்குச் சண்டையும் குறைவு, டிவி நேரமும் குறைவு, பணத்தைக் கேட்கவே வேண்டாம். 2021 மார்ச்சில் மெக்சிகோவின் அனபெல் ஒர்டீஸிடமிருந்து மினிமம்வெயிட் பட்டத்தை எடுத்தார். நான்கு மாதத்தில் ஒரு படி மேலே ஏறி ஜப்பானின் டென்காய் சுனாமியை ஜெயித்து லைட் ஃப்ளைவெயிட்டிலும் பட்டம் வாங்கினார். அப்புறம் திரும்பக் கீழே இறங்கி, ஜெர்மனியின் டீனா ருப்ரெக்ட்டை ஜெயித்து இரண்டு பெல்ட் (தொழில்முறையில் நான்கு அமைப்புகள் தனித்தனியாக உலகப் பட்டம் தருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட்), 2024 மார்ச்சில் அரிசோனாவில் கோஸ்டா ரிகாவின் யோகாஸ்டா வாலேயை ஜெயித்து நான்கு பெல்ட்டும் ஒரே கையில். அதே வருஷம் அக்டோபரில் ஓய்வு பெற்றார், 26 சண்டை, 26 வெற்றி, வயது 32.

ஃபோனில் அவரைப் பற்றித் தேடினால் முதலில் வருவது 2020ல் 7 வினாடியில் முடிந்த ஒரு சண்டை. அதை வைத்து அவரை எடை போடக் கூடாது. எதிரே நின்றவர் அவருக்கு ஈடே இல்லாதவர், அன்றைக்கே அதைப் பலரும் குறை சொன்னார்கள். வாலேயோடு பத்து ரவுண்டு முழுதும் ஆடியதைப் பாருங்கள், வலது காலை முன்னால் வைத்தும் இடது காலை முன்னால் வைத்தும் மாறி மாறி நின்று ஆடுவார். என் மகள் அதை அரைவேகத்தில் ஓடவிட்டு, வளவில் நின்று கால் மாற்றிப் பழகுவாள். கைக்குச் சுற்றுகிற துணி இரண்டும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். நாலு மீட்டருக்கு மேல் நீளம், வியர்வை காய்ந்து ஓரம் மொடமொடவென்று ஆகிவிடும். நான்தான் துவைக்கிறேன்.

பத்து ரவுண்டு என்றேன், தொழில்முறையில் பெண்களுக்கு ஒரு ரவுண்டு பெரும்பாலும் 2 நிமிஷம்தான். ஆண்களுக்குப் பட்டச் சண்டை 12 ரவுண்டு, 3 நிமிஷம். புவேர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செரானோ 2023ல் ஆர்லாண்டோவில் ஆண்களைப் போலவே 12 ரவுண்டு 3 நிமிஷம் ஆடிக் காட்டினார், அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி ஒத்துக்கொள்ளாததால் அவர்களுடைய பெல்ட்டையே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஊரில் என்ன சொல்கிறார்கள் என்றும் எழுத வேண்டும். பலகாரம் வாங்க வருகிற ஆச்சிமார் என் மகளைப் பார்த்தால் "ஏத்தா, பிள்ளைக்கு ரெண்டு பணியாரம் குடுக்கக் கூடாதா, ஒடிஞ்சு விழுந்துரப் போறா" என்பார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் அவள் விடியுமுன் ஊருணிக் கரையைச் சுற்றி ஓடிவிட்டு வந்து, முட்டையும் இட்லியும் அளவாகச் சாப்பிடுகிறவள். தண்ணீர் குடிக்காமல் எடை இறக்குகிற வேலையைச் செய்ய நான் விடுவதில்லை. தொழில்முறையில் எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள், உடம்பு தேற ஒரு நாள் கிடைக்கும். என் மகள் மாதிரி அமெச்சூராக ஆடுகிறவர்களுக்குச் சண்டையன்று காலையில்தான் பார்ப்பார்கள்.

போன வருஷம் வெளியூரில் ஒரு போட்டி. 48ல் வேறு ஆளே வரவில்லை. நடத்தியவர்கள் அடுத்த எடைப் பெண்ணோடு ஆடுகிறாயா என்று அவளிடம் நேராகவே கேட்டார்கள், இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். நான்தான் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் காரைக்குடி வரைக்கும் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்னமும் யோசிக்கிறேன். மேரி கோமுக்கு வேறு வழியில்லாமல் ஏற வேண்டியிருந்தது, ஆனால் அவருக்கு அப்போது ஐந்து உலகப் பட்டங்களின் அனுபவம் இருந்தது. இவளுக்கு வயது பதினெட்டு.

ஒல்லியான பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டையில் இடம் உண்டு என்பதே இங்கே பல வீடுகளில் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு 48ல் இன்னும் நாலு பேராவது வந்திருப்பார்கள், என் மகளுக்குத் தன் எடையிலேயே ஒரு சண்டை கிடைத்திருக்கும். அதனால் கேட்கிறேன், இனிமேல் குத்துச்சண்டைச் செய்தி போடும்போது பெயருக்குப் பக்கத்தில் எடையையும் போடுங்கள், எத்தனை ரவுண்டு, எதிரே யார் என்பதையும் போடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

வாசகி,
கோட்டையூர்