உங்கள் செயலி காட்டிய விமானப் பயண நேரம் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தவறான பயண நேரம் காட்டியது, அதனால் பேருந்தைத் தவறவிட்டது

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் என் பெற்றோர் ஒரு சிறிய விமான நிலையத்திலிருந்து இன்னொரு சிறிய நிலையத்துக்குப் பறந்தார்கள். டிக்கெட்டை அண்ணன் வேறு இடத்தில் எடுத்திருந்தார். இரவு 7.10க்குப் புறப்படும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். போய் இறங்கியதும் ஏற வேண்டிய பேருந்தை உங்கள் செயலியில் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது.

இரண்டு நிலையங்களின் பெயரையும் கொடுத்தேன். தூரம் 410 கி.மீ., பயண நேரம் 30 நிமிடம் என்று வந்தது. அப்படியென்றால் 7.40க்கு இறங்கிவிடுவார்கள். ஐம்பது நிமிடம் கையில் இருக்கிறதே என்று நம்பி 8.30 பேருந்தில் இரண்டு இருக்கை எடுத்தேன். அப்போது 9.30 பேருந்திலும் இடம் இருந்தது.

விமானம் 8.35க்கு வந்தது. தாமதமாக வரவில்லை, அதன் அட்டவணை நேரமே அதுதான். 8.30 பேருந்து போய்விட்டிருந்தது, 9.30 பேருந்து நிரம்பிவிட்டது. கடைசி விமானம் வந்ததும் அந்த நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். 74 வயது அப்பாவும் முழங்கால் வலியோடு அம்மாவும் விடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி ஒருவர் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவருக்கு இருந்த அக்கறை உங்கள் கணக்கில் இல்லை.

அந்த 30 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 410 கிலோமீட்டரை மணிக்கு 820 கி.மீ. வேகத்தால் வகுத்தால் சரியாக அரை மணி நேரம். அது பெரிய ஜெட் விமானம் உயரத்தில் போகும் வேகம். இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72, இரட்டைப் புரொப்பெல்லர் விமானம். மணிக்கு சுமார் 500 கி.மீ.தான் போகும். அப்புறம், எந்த விமானமும் கிளம்பியவுடன் முழு வேகத்தைப் பிடித்துவிடாது. ரன்வே வரை ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், குறிக்கப்பட்ட வழியில் வளைந்து போக வேண்டும், எதிர்க்காற்று இருந்தால் இன்னும் மெதுவாகும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். விமான நிறுவனங்களின் அட்டவணையில் இதெல்லாம் அடங்கியிருக்கிறது, உங்கள் வகுத்தலில் எதுவுமே இல்லை. தூரம் குறைவாக இருந்தால் இந்தப் பிழை இன்னும் மோசம். 60 கி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு நிலையங்களைப் போட்டுப் பார்த்தேன், நான்கு நிமிடம் என்கிறது! அவற்றுக்கு இடையே நேரடி விமானமே கிடையாது என்பதையும் செயலி சொல்லவில்லை.

410 கி.மீ. என்ற தூரத்தில் எனக்குக் குறையில்லை. பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் அது. ஆனால் பக்கத்திலேயே 221 மைல் என்றும் போட்டிருக்கிறீர்கள். அது 1.852 கி.மீ. கொண்ட கடல் மைல். சாதாரண மைலில் 255 வரும். எந்த மைல் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, "அது தோராயமான நேரம்" என்றார்கள். சரி, தோராயம் என்று திரையில் எங்கே எழுதியிருக்கிறது? அந்த எண்ணுக்குக் கீழேதானே பேருந்து டிக்கெட்டை விற்கிறீர்கள்?

இரண்டு பேருந்து டிக்கெட்டின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். நேரடி விமானம் இருந்தால் அதன் அட்டவணை நேரத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். இதைத் திருத்தும்வரை பயண நேரம் என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதிவு ரசீதையும் செயலியின் ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்