சீட் கவர் அப்புறம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கார் பளபளவென்று இருக்கிறது. ஆனால் என் கண் போனது ஓடோமீட்டருக்குத்தான். 1,80,000 கிலோமீட்டர்! பயப்படாதே, ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு அது ஒன்றும் பெரிய வயசில்லை. ஒழுங்காகப் பராமரித்தார்களா என்பதுதான் நமக்குத் தெரியாது. "எல்லாம் மாத்தியாச்சு" என்று விற்றவர் சொன்னதைக் கணக்கில் எடுக்காதே. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்.

சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அப்புறம். முதலில் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடு. பிரேக் ஆயிலைப் பலர் நினைப்பதே இல்லை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே ஆவி உண்டானால், மிதிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி இறங்கும், வண்டி நிற்காது. பொதுவாக 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. கடைசியாக மாற்றிய தேதி தெரியாததால் இப்போதே மாற்று.

டயரில் பட்டனை, அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுகளை, மட்டும் பார்க்காதே. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் குனிந்து பார். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் மழையில் வழுக்கும்.

அடுத்து டைமிங் பெல்ட். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இடிக்காமல் நேரம் தவறாது இயங்க வைப்பது அதுதான். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நீ அப்போது பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் சுற்றியது. பெல்ட் அறுந்து, பிஸ்டன் போய் வால்வில் இடித்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் வளைந்த வால்வு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதற்கு முந்தின மாதம்தான் புது சீட் கவர் போட்டிருந்தேன். உன் வண்டியில் பெல்ட்டா செயினா என்று முதலில் கேள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு பில் இல்லாதபட்சத்தில் அது மாறும்வரை தூரப் பயணம் வேண்டாம். வாட்டர் பம்ப்பை அந்த பெல்ட்தான் ஓட்டுகிறது என்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிடு. இன்னொரு தடவை பிரிக்கும் கூலி மிச்சம்.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் இந்த வாரமே. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் கலந்ததுபோல் வெளுத்த பிசுபிசுப்பு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டு, ஆயிலில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கலந்திருக்கலாம். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்காதே. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

பவர் விண்டோ மெதுவாக ஏறுவது, டேஷ்போர்டில் கடகடவென்ற சத்தம், இதெல்லாம் காத்திருக்கும். ஸ்டியரிங் லூசாக இருந்தால் மட்டும் காத்திராதே.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடு. அதையும் டயர் எண்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்டெப்னியோடு சேர்த்து ஆறு போட்டோ வர வேண்டும்.

அன்புடன்,
அப்பா