தகரம் அடித்த சந்திலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டை
7 ஜூன் 2020, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

போஸ்டில் போட்டால் எப்போது வந்து சேருமோ தெரியாது. எழுதி முடித்ததும் மகள் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கையெழுத்து புரியாவிட்டால் அவளையே கேட்டுக்கொள். போனில் பேசினால் நீ அரை நிமிஷம்கூட என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

நிசர்கா புயல் மும்பையில் இருக்கிற உங்களை விட்டுவிட்டு அலிபாக் பக்கம் கரையேறியதை டிவியில் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. கொரோனாவுக்கு நடுவில் அந்தத் தகரக் கூரையும் பறந்திருந்தால் எங்கே போயிருப்பீர்கள்? அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. ஜூன் 1லிருந்து இங்கே ஆட்டோ ஓடுகிறது, இரண்டு பேர்தான் ஏறலாம். நான் காலடிப்பேட்டைக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தேன். உள்ளே வாடா என்று திட்டினார்கள். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி இன்னும் கொஞ்சம் திட்டினார்கள். தெம்பாக இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்.

நீ வாய்ஸ் மெசேஜில் கேட்டாயே, “உங்க ராயபுரம்தான் தினம் ஃபர்ஸ்ட் வருதாமே, என்னடா பண்றீங்க?” என்று. கொரோனா எண்ணிக்கையில் சென்னையின் பதினைந்து மண்டலத்தில் எங்களுடையதுதான் முதலில் நிற்கிறது, வாஸ்தவம். சாயங்காலம் கணக்கு சொல்கிற நேரத்துக்கு சந்து முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல. அதற்கப்புறம் நாலு பேர் உட்கார்ந்து விவாதம் செய்வார்கள். “வட சென்னை மக்களிடம் ஒழுங்கு இல்லை, எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை” என்பார் ஒருவர். அவர் பின்னால் பெரிய ஜன்னல், புத்தக அலமாரி. அவருக்கு விலகியிருக்க இடம் இருக்கிறது, விலகியிருக்கிறார்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். ஒரு வாசல், உள்ளே எட்டுக் குடித்தனம், ஒரு அடிபம்பு, இரண்டு கக்கூஸ். தாராவியில் இருக்கிற உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு என்று அரசாங்கம் சொன்னது. மூன்றையும் ஒன்றாகச் செய்ய முடிகிற வீடு இந்தத் தெருவில் எத்தனை என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். ஆனால் ஒழுங்கு இல்லை என்று மட்டும் சொல்லாதே. அடிபம்பு பக்கத்தில் பழைய சாக்ஸுக்குள் சோப்புத் துண்டைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டது யார்? எங்கள் பெண்கள். கைப்பிடியைத் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை, தொட்ட பிறகு ஒருமுறை. மறந்தவன் காதில் விழுகிற வசவை எழுத முடியாது. கக்கூஸுக்கு பிளீச்சிங் பவுடர் முறை வைத்து, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று சுண்ணாம்பால் சுவரில் எழுதினார்கள். கத்திரி வெயிலில் வயசுப் பசங்க மொட்டை மாடியில், ஆம்பளைங்க திண்ணையில், கிழவர்கள் உள்ளே காற்றாடிக்குக் கீழே. இதெல்லாம் யாரும் நோட்டீஸ் அடித்துச் சொன்னதில்லை.

ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் இருந்தது. மார்ச் 22 அன்று டாக்டர், நர்ஸுகளுக்காகத் தட்டச் சொன்னபோது தட்டிய தட்டில் சிலர் வீட்டு எவர்சில்வர் தட்டு நெளிந்துபோனது. ஏப்ரல் 5 ராத்திரி விளக்கேற்றச் சொன்னால் பசங்க பட்டாசே வெடித்தார்கள். அப்புறம் ஏப்ரல் 26லிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு என்று சொன்னதும் 25ஆம் தேதி மார்க்கெட்டில் மோதிய கூட்டம் இருக்கிறதே, அதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் கெடுத்தது. நாலு நாளுக்குச் சேர்த்து வாங்கப் பணமும் பிரிட்ஜும் உள்ளவர்கள் ஊரில் பாதிப் பேர்கூட இல்லை. மிச்சப் பேர் பயத்தில் போனார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மூன்றாவது வீட்டு அக்கா, இட்லி வியாபாரம் செய்கிறவர், உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் புருஷன் ஹார்பரில் லோடுமேன். அங்கே வேலை குறைந்ததும் ஏப்ரலில் கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போனார். மே 5இல் மார்க்கெட்டை மூடினார்கள், இவரும் வீட்டோடு வந்துவிட்டார். இரண்டொரு நாளில் காய்ச்சல். கார்ப்பரேஷனிலிருந்து தினம் ஒரு பெண் வந்து “காய்ச்சல், இருமல் யாருக்காவது இருக்கா?” என்று வீடு வீடாகக் கேட்டுப் போகும். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்று “இல்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே கபசுரக் குடிநீர் கொதிக்கிற வாசனை சந்து முழுக்க.

என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டதற்கு அக்கா சொன்னது: “சொன்னா தகரம் அடிச்சிடுவாங்க. என் கடை போச்சு, இந்த எட்டு வீட்டு வேலையும் போச்சு. காய்ச்சல் அஞ்சு நாள்ல போயிடும். வட்டிக்காரன் போவானா?”

மச்சான், இங்கே யாரும் வைரஸுக்குப் பயப்படவில்லை என்று நினைக்காதே. ஆனால் அதைவிடத் தகரத்துக்குப் பயந்தார்கள். கதவில் ஸ்டிக்கர், தெருமுனையில் தகரத் தடுப்பு, அதற்குள் மாட்டிக்கொண்டால் அன்றாடக் கூலிக்காரன் என்ன செய்வான்? ரேஷனில் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், அரிசி பருப்பு எண்ணெய் இலவசம், இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஆயிரம், வாடகையில் கால்வாசிக்குக்கூட வராது. சேட்டுக் கடையும் மூடிக் கிடந்ததால் கையில் தோடு இருந்தும் காசாக்க வழியில்லை. ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிப்போடலாம் என்றது. குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் நடுவில் காய்ச்சலை மறைக்கிறவளைப் பார்த்து ‘விழிப்புணர்வு இல்லை’ என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவளுக்கு எல்லாம் தெரியும். கணக்குப் போட்டுத்தான் மறைத்தாள்.

அதை உடைத்தது யார் தெரியுமா? கேரம் கிளப் பசங்க. நாம் எந்நேரமும் தறுதலைகள் என்று திட்டுவோமே, அவர்கள்தான். விஷயம் எப்படியோ காதுக்குப் போய், இரண்டு பேர் வந்து அக்காவிடம் “தகரம் அடிச்சா அடிக்கட்டும்கா. அரிசி, பால், காய்கறி நாங்க தகரத்துக்கு மேல கொடுக்கறோம். வட்டிக்காரன் வந்தா எங்ககிட்ட அனுப்பு” என்றார்கள். மறுநாள் காலையில் அக்காவே அந்தக் கார்ப்பரேஷன் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார். 108 வந்தது, புருஷன் ஸ்டான்லிக்குப் போனார், எங்களுக்குத் தகரம் வந்தது. பசங்க சொன்ன சொல் தப்பவில்லை. தகரத்துக்கு மேலே கயிறு கட்டி வாளியில் எல்லாம் இறங்கும். எதிர்வீட்டு ஆயா வெத்தலை பாக்குகூட ஆர்டர் போட்டது.

அதற்கப்புறம் எங்கள் சந்தில் யாருக்காவது உடம்பு சுட்டால் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள். நாலு பேர் போய் நாலு பேரும் திரும்பி வந்தாயிற்று. சோறு வரும் என்று தெரிந்தால் மனிதன் நோயைச் சொல்லுவான். நம் தாத்தா ஸ்டான்லியைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வார்? 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. முதலில் கஞ்சி, அப்புறம் வைத்தியம். உங்கள் தாராவியிலும் பள்ளிக்கூடங்களில் படுக்கை போட்டு, சாப்பாடு கொடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று படித்தேன். இப்போது அங்கே கேஸ் குறைகிறதாமே, அதனால்தானா? நீ நேரில் பார்த்ததை எழுது. பேப்பர்காரன் எழுதினதை நானே படித்துக்கொள்வேன்.

எல்லாம் நல்லவிதமாக நடந்தது என்றும் சொல்லமாட்டேன். அக்காவின் புருஷன் குணமாகித் திரும்பி வந்தபோது வீட்டு ஓனர் “ஒரு மாசம் வேற எங்கயாவது இருக்கச் சொல்லு” என்றார். எட்டு வீட்டுப் பெண்களும் ஒன்றாக நின்று “அவர் போனா நாங்களும் போறோம், வாடகையை யார்கிட்ட வாங்குவீங்க?” என்று கேட்ட பிறகுதான் அடங்கினார். ஏப்ரலில் கொரோனாவில் இறந்த டாக்டர் ஒருவரின் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்களே, அது கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் பக்கம். அந்த ஏரியாக்காரர்களின் ஒழுங்கைப் பற்றி எந்த டிவியும் விவாதம் வைத்ததாக எனக்கு நினைவில்லை. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்படும் என்று யார் நினைத்தோம்?

பாய்மார்கள் பட்ட பாடு தனி. பிப்ரவரியிலிருந்து இங்கே ராத்திரி பகலாகக் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக உட்கார்ந்திருந்தவர்கள், கொரோனா வந்ததும் மார்ச்சில் தாங்களாகவே எழுந்து போனார்கள். டில்லியில் தப்லீக் மாநாட்டுக்குப் போனவர்களுக்குக் கொரோனா என்ற செய்தி வந்த பிறகு, காலமெல்லாம் ஒரே கடையில் டீ குடித்தவனே ஒதுங்கி நின்றான். நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. இந்த வருஷம் நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசலில் காய்ச்சவில்லை, அரிசியாக வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கு எங்கள் தகரத்துக்கு மேலேயும் இறங்கியது. வாளியைப் பிடித்த கேரம் பசங்களில் பாதிப் பேர் பாய்மார் தெருவுக்காரர்கள்தான்.

என் பிழைப்பைக் கேட்டாயே. மே, ஜூன்தான் டைலருக்கு அறுவடை, யூனிபாரம் சீசன். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாதபோது யூனிபாரம் யார் தைப்பார்? மாஸ்க் தைக்கிறேன். எலாஸ்டிக் கிடைக்காதபோது பாவாடை நாடா வைத்துத் தைத்தேன், இப்போது காதுக்கு அதுதான் சுகம் என்கிறார்கள். காசிமேட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து, ஜூன் 1லிருந்து கடலுக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள். வஞ்சிரம் நம் விலைக்கு வரும்வரை காத்திருக்கிறேன். சலூன் திறந்துவிட்டது, ஆனால் முடிவெட்ட ஆதார் நம்பர் கேட்கிறார்கள். என் மனைவி கேட்பதில்லை, அதனால் அவளிடமே வெட்டிக்கொள்கிறேன். டாஸ்மாக் சென்னையில் இன்னும் திறக்கவில்லை. நம் பழைய கூட்டாளிகள் முகத்தில் தெளிவு வந்திருக்கிறது, அவர்கள் மனைவிமார் முகத்தில் அதைவிட.

மகளுக்கு ஜூன் 15ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்குகிறது. ஒரு அறைக்குப் பத்துப் பேர்தான் என்கிறார்கள். கேஸ் கோர்ட்டில் இருக்கிறது, தள்ளிப்போகலாம் என்றும் பேச்சு. நடக்குமா நடக்காதா என்று தெரியாமலே பிள்ளை படிக்கிறாள். ஒருத்தருக்கு வந்தாலும் மொத்த ஹாலுக்கும் வருமே என்று எனக்குப் பயம். அவளுக்கோ கணக்கில் சென்டம் போய்விடுமோ என்று பயம். நம் குடும்பத்தில் கணக்கு தெரிந்தவன் நீதான். நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவள் போனுக்கு வீடியோ கால் போடு. வடிவியலில் தொடுகோடு சம்பந்தமாக ஏதோ சந்தேகமாம். என்னிடம் கேட்டாள், நான் அளவு டேப்பை எடுத்ததும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்புடன்,
உன் மச்சான்