பதின்மூன்று வயதில் தனிக்குடித்தனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹயாவோ மியாசாகி இயக்கி 1989-இல் வெளியான ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் படத்தைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாமல், பதின்பருவப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவசியம் பார்க்க வேண்டும். சூனியக்காரிகளின் வழக்கப்படி 13 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பும் கிகி, முன்பின் அறியாத கடலோர நகரில், பேக்கரி நடத்தும் பெண்ணொருத்தி தந்த தூசு படிந்த அறையில் தங்கி, துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிழைக்கிறாள். பாட்டியொருவருடன் சேர்ந்து தானும் விறகடுப்பு மூட்டிச் சுட்டெடுத்த பலகாரத்தைக் கொட்டும் மழையில் அவள் சுமந்து செல்ல, பேத்தியோ சலிப்போடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னர் பறக்கும் ஆற்றலையே அவள் இழக்கும்போது அதற்கு எந்த வில்லனும் காரணமாக இல்லை. சோர்வும் தன்னம்பிக்கைக் குறைவுமே காரணம். சிறார் படங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதுகையில் இப்படத்தையும் அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.