கடலுக்கு எந்தப் பக்கமா இறங்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல நம்ம பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரை பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, படமெல்லாம் அழகா இருந்துச்சு, எங்க சாப்பிடலாம் எங்க தங்கலாம்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா காடி (கார்தான்) இல்லாம, ஹோட்டல்ல ரூம் எடுக்காம, சும்மா நடந்து வர்ற ஆளு அந்த மணலுக்கு எந்தப் பக்கமா இறங்குறதுன்னு மட்டும் ஒரு வரி கூட இல்ல. அதுக்குத்தான் எழுதுறேன்.

எங்க பெரிய மகனுக்கு இங்க பினாங்கு பாயான் லெப்பாஸ் பேக்டரியிலேர்ந்து மெக்சிகோவுல குவாடலஹாராவுக்கு மாத்தல் (அதுவும் பாயான் லெப்பாஸ் மாதிரிதான், எங்க பாத்தாலும் எலக்ட்ரானிக் பேக்டரி). போன டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் போயிருந்தப்போ பார்ரா தெ நவிதாத்னு ஒரு கடலோர ஊர்ல பத்து நாளைக்கு வீடு எடுத்தான். நவிதாத்னா கிறிஸ்மஸ். ஊரே ஒரு மணல்திட்டு, ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவுல நாலஞ்சு தெரு, அவ்ளோதான். நமக்கும் அவங்களுக்கும் பதினாலு மணி நேரம் வித்தியாசம், அதனால எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது, விடிஞ்சும் விடியாமலும் செருப்ப மாட்டிக்கிட்டு கெளம்பிடுவேன். பாஷை தெரியாது, பேரு தெரியாது, மகன் எழுதிக் குடுத்த அட்ரஸ் துண்டு மட்டும் கையில.

முதல் நாள் வாசனையப் புடிச்சுத்தான் போனேன். ஒரு சின்ன கடையில மெஷின்லேர்ந்து சோள ரொட்டி வரிசையா வந்து விழுது, பொம்பளைங்க ஆளுக்கொரு துணியோட லைன்ல நிக்கிறாங்க, கிலோ கணக்குல நிறுத்து துணியில சுத்தி வாங்கிட்டுப் போறாங்க. நான் விரலால அரைன்னு காட்டுனேன், அரைக் கிலோ பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, நெஞ்சோட அணைச்சுப் புடிச்சா சூடு அப்படியே இறங்குது. அந்தச் சோளத்த சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு ஊறவச்சுத்தான் அரைப்பாங்களாம், வெத்தலைக்குத்தான் சுண்ணாம்புன்னு நெனச்சிருந்த எனக்கு ஆச்சரியமாப் போச்சு. வீட்டுக்கு வந்து பசியாறினப்போ வீட்டுக்காரர் ஏழு ரொட்டி சாப்பிட்டாரு, நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.

அப்புறம் தெனமும் ஒரு தெரு. ஒரு தெருவுக்கு லெகாஸ்பின்னு பேரு, யாருடா அதுன்னா ஸ்பெயின்காரங்க கப்பல் தலைவனாம், 1564 நவம்பர் 21-ல இந்த ஊர்லேர்ந்துதான் பிலிப்பைன்ஸுக்குக் கப்பல் விட்டிருக்கான். அதுக்கப்புறம் அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் 1815 வரைக்கும் கப்பல் போக்குவரத்து நடந்திருக்கு. அந்தக் கப்பல்லதான் மெக்சிகோ வெள்ளிக்காசு நம்ம பக்கம் வந்துச்சு, பினாங்குலயும் ரொம்ப காலம் அந்தக் காசுதான் புழக்கம், நம்ம காசுக்கு ரிங்கிட்னு பேரு வந்ததே அந்தக் காசோட ஓரம் பல்லு பல்லா இருந்ததாலதான். நாம இன்னும் பத்து வெள்ளி இருபது வெள்ளின்னுதான பேசுறோம், அந்த வெள்ளி வந்த கரையில நாம நிக்கிறோம்னு நெனச்சப்போ கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோயில்ல (சர்ச்தான்) சிலுவையில இருக்குற ஏசுவோட ரெண்டு கையும் கழண்டு கீழ தொங்குது, 1971 புயல்ல அப்படி ஆனதும் புயலே அடங்கிடுச்சுன்னு நம்புறாங்க, அதனால ஒட்ட வைக்காம அப்படியே வச்சிருக்காங்க.

இன்னொண்ணு, தோள்ல சுரைக்குடுக்கையோட ஒரு பெரியவர் "தூபா, தூபா"ன்னு கூவிக்கிட்டு வந்தாரு. நான் பயந்துட்டேன், நம்ம ஊர்ல தூபான்னா மீனை மயக்குற வேராச்சே, பால் குடுத்தவனுக்கு தூபா தண்ணி குடுத்தான்னு மலாய்க்காரங்க பழமொழியே சொல்வாங்க. கடைசியில பாத்தா தென்னங்கள்ளு! எறக்குன உடனே விக்கிறதால இனிப்பா இருக்கு, மேல வேர்க்கடலை தூவிக் குடுக்குறாங்க. அதையும் அந்தக் கப்பல்ல வந்த பிலிப்பைன்ஸ்காரங்கதான் கத்துக் குடுத்தாங்களாம். எங்கப்பா தோட்டத்துக் கள்ளுக்கடை வாசல்ல நின்ன மனுஷன், இதப் பாத்திருந்தா அங்கயே தங்கியிருப்பாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கடைசி ரெண்டு நாளும் மணல்லயே நடந்து வளைகுடாவோட அடுத்த முனையில இருக்குற மெலாக்கேங்குற ஊருக்குப் போனோம் (வீட்டுக்காரர் மலாக்கான்னே சொல்லிக்கிட்டு வந்தாரு), என் முட்டி வலிக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் வீடு, சின்னச் சின்ன ஹோட்டல், அத்தாப்புக் கூரை (ஓலைதான்) போட்ட சாப்பாட்டுக் கடை, பெலிக்கான் தலைகீழா விழுந்து மீன் புடிக்குது, ஆனா ஒரு எடத்துல கூட யாரும் எங்கள நிறுத்தல, கால் வலிச்சப்போ ஒரு சந்து வழியா தெருவுக்கு ஏறிட்டோம். அங்க கடற்கரை நாட்டுச் சொத்து, தண்ணி ஏறி நிக்கிற கோட்டுலேர்ந்து 20 மீட்டரும் அரசாங்கக் கணக்கு. 2020-ல சட்டத்த இன்னும் இறுக்கி, கடலுக்குப் போற வழிய மறிச்சா அபராதம், பொது வழி இல்லேன்னா பக்கத்து நிலக்காரர் வழி விடணும்னு வச்சிருக்காங்க. அதுக்காக அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்லல, கழிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானத்தோட பெரிய ரிசார்ட் இருக்கு, நம்மள மாதிரி ஆளுங்க படகுல போறப்போ தூரத்துலேர்ந்து பாத்துக்கலாம்.

திரும்பி வந்த மறுவாரம், அதே ஆசையில நான் பொறந்து வளர்ந்த பக்கத்துலயே நடந்து பாப்போம்னு பஸ் ஏறி பத்து பெரிங்கியில இறங்குனேன். முதல் சந்து, கேட்டு. ரெண்டாவது சந்துல மோட்டோர் சைக்கிள் வரிசையா நிறுத்தி ஆள் நுழைய எடமில்ல. மூணாவதுல ஜாகா (காவலுக்கு நிக்கிறவன்), நம்ம பையன்தான், "ரூம் நம்பர் என்ன ஆன்ட்டி?"ன்னான். பக்கத்து கம்பத்துலேர்ந்து வந்திருக்கேன்னேன். பாவம் அவன் மேல தப்பில்ல, "சுத்திப் போங்க ஆன்ட்டி, முன்னாடி ஒரு வழி இருக்கு"ன்னான். அந்த வழி இருந்துச்சுதான், கால்வாய் ஓரமா, போர்டு கிடையாது, என் ரெண்டு காலையும் பக்கம் பக்கமா வைக்க முடியாது. மணலுக்கு இறங்கினப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல. மணலுக்குத் தடையில்ல, மணலுக்குப் போறதுக்குத்தான் தடை. 2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்த கரை இது, ஓடி ஏறணும்னாலும் இதே சந்துலதான ஏறணும்?

கர்னி பக்கம் புது பார்க் கட்டியிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா அடுத்த தடவ பெரிங்கி பத்தி பக்கம் போடுறப்போ உங்க நிருபர் ஒருத்தர செருப்ப கையில புடிச்சிக்கிட்டு எங்க ஊரு தஞ்சோங் பூங்காவுலேர்ந்து நடக்கச் சொல்லுங்க, எத்தனை கேட்டு, எத்தனை சந்து, எதுல போர்டு இருக்குன்னு எழுதட்டும். ஞாயித்துக்கிழமை காலைன்னா நானும் கூட வர்றேன், மெதுவாத்தான் நடப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சோங் பூங்கா, பினாங்கு