தமிழ்ப் பக்கத்தில் மட்டும் பழைய தேதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் அவ்வப்போது ஒரு படம் வருகிறது. மேடையில் ஐந்தாறு பேர் நிற்பார்கள், நடுவில் ஒரு மடிக்கணினி இருக்கும், பெரியவர் ஒருவர் ஒரு விரலால் பொத்தானை அழுத்துவார். கீழே 'புதுப்பொலிவுடன் இணையதளம் தொடக்கம்' என்று நான்கு வரி. அந்தப் படங்களில் வராத ஆள் நான். புதுச்சேரியில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் பதினாறு வருடமாக இணையதளத்துக்குச் செய்தி ஏற்றுவதுதான் என் வேலை. காரைக்கால், மாஹே, ஏனாமிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அதனால் ஆங்கிலம், தமிழ், மலையாளம், தெலுங்கு என நான்கு மொழியில் எங்கள் அறிவிப்புகள் போகும். போக வேண்டும்.

எங்கள் தளம் ஓடுவது ட்ரூபல் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில், அதாவது இணையதளப் பக்கங்களை ஏற்றவும் திருத்தவும் உதவும் மென்பொருளில். 2011 ஜனவரியில் வந்த அதன் 7-ஆம் பதிப்பிலேயே வருடக்கணக்காகக் காலம் தள்ளினோம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது, 2021 நவம்பரோடு முடியும் என்று அதை உருவாக்குகிறவர்கள் முதலில் சொன்னார்கள். அப்புறம் ஒரு வருடம், மறுபடி ஒரு வருடம் என்று நீட்டி, கடைசியில் 2025 ஜனவரி 5 என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் நீட்ட நீட்ட எங்கள் நிர்வாகமும் நீட்டியது. ஒருவழியாக 2024 கோடை விடுமுறையில் 10-ஆம் பதிப்புக்கு மாறினோம்.

மாறினோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். போனில் 'அப்டேட்' அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற சமாச்சாரம் இல்லை இது. 2015-இல் 8-ஆம் பதிப்பு வந்தபோது அந்த மென்பொருளின் அடித்தளத்தையே மாற்றிக் கட்டிவிட்டார்கள். அதனால் 7-இலிருந்து வருகிறவர்களுக்குப் புது வீடு கட்டிக் குடிபோகிற வேலை. பழைய வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, துடைத்து, தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் சாமான்களில் மோசமானது பாமினி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்த எழுத்துருதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் பல்லைக் காட்டும். தேடுபெட்டியில் 'கட்டணம்' என்று தேடினால் ஒன்றும் வராது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் பொது முறையான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010-லேயே ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் பழைய சுற்றறிக்கைகளை யார் உட்கார்ந்து மாற்றுவது? மூன்று வாரம் நான்தான் உட்கார்ந்து மாற்றினேன். ஸ்கேன் எடுத்து பிடிஎஃப்பாக ஏற்றிய அறிக்கைகளை மறுபடி தட்டச்சு செய்தோம். படமாகக் கிடக்கும் எழுத்தைத் தேடவும் முடியாது, பார்வையில்லாத மாணவருக்கு போன் வாசித்துக் காட்டவும் செய்யாது.

புதுப் பதிப்பில் என்னென்ன வந்தது என்றால், நிறைய வந்தது. ஒரு பக்கத்தை வரைவாக வைத்து, இன்னொருவர் சரிபார்த்த பிறகு வெளியிடலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு முன்பும் இருந்தது. இப்போது பழைய நிலைக்குத் திரும்புவது பயமில்லாமல் நடக்கிறது. ஒரு படத்தை ஒருமுறை ஏற்றினால் போதும், நூலகத்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தின் பகுதிகளைச் சுட்டியால் இழுத்து அடுக்கும் வசதியும் இருக்கிறது. அதைக் கொடுத்த முதல் வாரமே துறைத் தலைவர்கள் அவரவர் புகைப்படத்தை இழுத்துப் பக்கத்தின் உச்சியில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

ஆனால் எங்களைப் போன்ற இடத்துக்கு உண்மையாகவே பெரிய விஷயம் மொழிபெயர்ப்புதான். 7-இல் நான்கு மொழி வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஏழெட்டு உபரி நிரல்களைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருந்தது. ஒன்று பழுதானால் இன்னொன்று இருமும். 8-இலிருந்து அந்த வசதி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் ஊர்த் தெருப்பலகை மாதிரி, ஒரே பலகையில் தமிழும் பிரெஞ்சும். ஒரே அறிவிப்புக்குள் நான்கு மொழி வடிவம், ஒவ்வொன்றுக்கும் கடைசியாக மாற்றிய நேரம் தனித்தனியாக.

அதில் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எதையாவது திருத்திச் சேமிக்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டால், மற்ற மூன்று மொழிகளும் 'காலாவதி' என்று பட்டியலில் குறிக்கப்படும். திருத்திவிட்டோம் என்று சொல்கிறவரை அந்தக் குறி போகாது. வேலையை முடித்துக்கொடுத்த சென்னைத் தம்பி, "அக்கா, வேற எதை வேணா மறங்க, இந்த டிக்கை மட்டும் மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மறந்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைக்கு மேலேயே கரை கடந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. முத்தியால்பேட்டையில் என் வீட்டில் மின்சாரம் இல்லை, போனில் சார்ஜ் பதினொரு சதவீதம். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் டிசம்பர் 2 என்று இருந்ததை 9 என்று மாற்றச் சொல்லி மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கிலப் பக்கத்தை மாற்றிச் சேமித்தேன். கணினித் திரையில் வலது ஓரத்தில் நிற்கும் அந்த டிக் கட்டம் போனில் பக்கத்தின் அடியில், மூடிய பகுதிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவு தூரம் நான் இறங்கிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் வாட்ச்மேன் அழைத்தார். பாகூரிலிருந்து ஒரு அப்பா, மகளைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, பணத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கேட் பூட்டியிருக்கிறது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "தமிழ்லதாங்க பார்த்தேன், ரெண்டாம் தேதின்னு போட்டிருந்துச்சு. இங்கிலீஷ் நமக்கு வராதுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் மகள் "வாப்பா போலாம்" என்று சொன்னது கேட்டது.

டிக் போட்டிருந்தால் தமிழ்ப் பக்கம் தானாக மாறியிருக்காது, உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலைத் திறந்து பார்த்த என் சகா கண்ணில் மூன்று 'காலாவதி' பட்டிருக்கும். அவர் திருத்தியிருப்பார்.

புயல் ஓய்ந்த பிறகு சென்னைத் தம்பியைப் பிடித்தேன். அவர் சொன்ன வழி எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு எளிது. 'கட்டணம் செலுத்தக் கடைசி நாள் இன்ன தேதி' என்று வாக்கியத்துக்குள் தேதியை எழுதுவதால்தான் நான்கு இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. தேதிக்கென்று தனிக் கட்டம் ஒன்றை அறிவிப்புப் படிவத்தில் சேர்த்து, 'இந்தக் கட்டத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்' என்று அமைப்பில் குறித்துவிட்டால் நான்கு பக்கமும் ஒரே தேதியையே எடுத்துக் காட்டும். ஆங்கிலத்தில் மாற்றினால் தமிழிலும் அந்த நொடியே மாறும். தொகை, தொலைபேசி எண், அறை எண் எல்லாவற்றுக்கும் இதே வழி. கூடவே, காலாவதிக் குறி விழுந்த பக்கத்தின் தலையில் 'இந்தப் பக்கம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை' என்று பார்க்கிறவருக்கும் தெரியும்படி ஒரு மஞ்சள் பட்டையைப் போட்டுக் கொடுத்தார். அது மென்பொருளோடு வருவதில்லை, எழுதிச் சேர்க்க வேண்டும். மொத்தமும் ஒரு பகல் வேலை. முகப்பில் ஓடுகிற படக்காட்சிக்கு நாங்கள் செலவழித்ததோ இரண்டு வாரம்.

இந்த வசதிகளுக்குக் கூடுதல் காசு கிடையாது. மென்பொருளே இலவசம், வாங்கி நிறுவியவர்களிடம் இவை ஏற்கெனவே இருக்கின்றன. திறந்துவிடச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கேட்கவேண்டிய கூட்டங்களில் நிறத்தையும் முகப்புப் படத்தையும்தான் பேசுகிறார்கள். செய்தி ஏற்றுகிறவர்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. என்னைக் கூப்பிட்டது ஒரே ஒருமுறை, அதுவும் புரொஜெக்டர் வேலை செய்யாததால்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்படி ஒரு தொடக்க விழாவுக்கு உங்கள் நிருபர் போனால், படம் எடுத்து முடித்ததும் தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து, ஓரத்தில் 'தமிழ்' என்று இருக்கும் இணைப்பை அழுத்திப் பார்க்கட்டும். அங்கே இருக்கும் தேதியையும் ஆங்கிலப் பக்கத்தின் தேதியையும் ஒப்பிட்டு, அந்த நான்கு வரிச் செய்தியில் ஐந்தாவது வரியாக அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.