பந்தியில் சொல்லாத பதில்

அன்புள்ள முருகேசு,

நலம்தானே? சர்க்கரை எவ்வளவு என்று கேட்கமாட்டேன். சேகர் வீட்டுக் கல்யாணத்தில் உன் இலையில் விழுந்த ஜாங்கிரிகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பந்தியில் நீ கேட்டது ஒரு மாதமாகக் குடைகிறது. "2024-25 தமிழக பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு மட்டும் 44,042 கோடி. அவ்வளவு கொட்டியும் உன் பிள்ளைங்களுக்கு வகுத்தல் வரலையே வாத்தியாரே!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சிரித்துத் தொலைத்தேன். அதில் பெரும்பங்கு எங்கள் சம்பளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேள். என் வகுப்பில் ஒருத்தி. ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் தினமும் பத்தரை மணிக்கு வயிற்றுவலி என்று வந்து நிற்பாள். ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்தது. ரவை உப்புமா, சாம்பார். வலி போன இடம் தெரியவில்லை. இருபது வருஷ சர்வீஸ் போட்டவனுக்குப் பசி தெரியவில்லை பார்.

இப்போது மூணாம் வகுப்பு. வாய்ப்பாடு இன்னும் ஏழில் தடுக்குகிறது. அம்மாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட். சாயங்காலம் தம்பி இவள் இடுப்பில். போன வாரம் நோட்டைத் திறந்தால் பாதிக் கணக்கின்மேல் பால் கொட்டிய கறை. அந்தச் சாயங்காலத்தை வாங்கிக் கொடுக்க எந்தக் கோடியில் நிதி ஒதுக்குவது, சொல்லு!

உன் பையன் பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் நீட்டுக்கு உட்கார்ந்தான். ஹாஸ்டல், கோச்சிங், பழச்சாறு. தப்பில்லைடா, எனக்கு வசதியிருந்தால் நானும் செய்திருப்பேன். ஆனால் அந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் வராது. மார்க்கில் மட்டும் வரும். 2019-இல் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும் 300-க்கு மேல். ஒரே வருஷத்தில் பிள்ளைகளுக்கு மூளையா வளர்ந்தது? பந்தயத்தில் யாரோடு ஓடவிட்டார்கள் என்பதுதான் மாறியது.

சரி, கோபம் போதும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்குகிறவளுடைய அண்ணன் இப்போது பிளஸ் டூ, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான், அதனால் அந்த ஒதுக்கீட்டில் வருவான். உன் பையனின் கோச்சிங் புத்தகங்கள் பரணில் கிடக்குமே? கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை, பஸ்ஸில் ஏற்றிவிடு. கூலி நான் கொடுக்கிறேன். இந்த வாரம் வரவில்லை என்றால் ஜாங்கிரிக் கணக்கு தங்கச்சி காதுக்குப் போய்விடும்.

உன்,
ராமு